அம்மா கொடுக்க வந்த ரத்தம்

சாக்பீஸ் தின்றதை மட்டும் நான் யாரிடமும் சொல்லவில்லை.

திண்டுக்கல்லில் ஒரு தனியார் பள்ளியில் ஒன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். வயிற்றில் ஐந்து மாதம். பலகையில் எழுதிவிட்டுத் திரும்பும்போது கையிலிருக்கும் துண்டு தானாக வாய்க்குப் போய்விடும். புதிதாக வெள்ளையடித்த சுவரில் தண்ணீர் பட்டால் ஒரு வாசனை வருமே, அது அந்தச் சாக்பீஸில் இருந்தது. மத்தியானச் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்தாலே குமட்டும் எனக்கு அது அப்படி ருசித்தது. கைப்பையின் சின்ன ஜிப்புக்குள் நாலைந்து துண்டு எப்போதும் கிடக்கும்.

நாங்கள் இருந்தது மலைக்கோட்டைக்குப் பின்பக்கம் ஒரு மாடி வீட்டில், வாடகைக்கு. படி ஏறினால் நடுவில் நின்று சுவரைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. காதுக்குள் இதயம் அடிக்கிற சத்தம் கேட்கும். வயிற்றுப் பிள்ளைக்காரிக்கு மூச்சு வாங்காதா என்று நானே எனக்குச் சொல்லிக்கொள்வேன். கல்யாணமாகி ஐந்து வருடம் கழித்துத் தங்கிய பிள்ளை. இதற்கு முன் ஒன்று மூன்றாம் மாதத்திலேயே கலைந்துபோயிருந்தது. அதனால் எதையாவது கேட்டு எதையாவது தெரிந்துகொண்டுவிடுவோமோ என்று எனக்கும் பயம், என் கணவருக்கும் பயம்.

அந்த மாதப் பரிசோதனைக்கு அரசு ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டரம்மா என் கீழிமையை விரலால் இழுத்துப் பார்த்தார். பிறகு நகங்களைப் பார்த்தார். "அரிசி, மண்ணு, விபூதின்னு எதாச்சும் திங்கிறீங்களா?" என்று கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் ஏழுகூட இல்லை.

"இது உங்க தப்பில்ல. இரும்புச்சத்து இல்லாதவங்களுக்கு இந்த ஆசையெல்லாம் வரும்," என்றார் அவர். "ஆனா ரத்தம் இம்புட்டுக் கம்மியா இருந்தா, பிரசவத்துல கொஞ்சம் போனாக்கூட நீங்க தாங்க மாட்டீங்க. பிள்ளையும் எடை போடாது. இனிமே விளையாட்டில்ல."

மாத்திரை கொடுத்தார்கள். டீ, காபி, பாலோடு போடக் கூடாது, கால்சியம் மாத்திரையோடும் சேர்த்துப் போடக் கூடாது, எலுமிச்சம்பழச் சாற்றோடு போட்டால் உடம்பில் நன்றாகச் சேரும் என்று நர்ஸம்மா சொல்லித் தந்தார். முதல் வாரமே வயிறு கட்டிக்கொண்டது. போனால் கருப்பாகப் போனது. நாக்கில் எப்போதும் பழைய இரும்பை நக்கிய மாதிரி ஒரு ருசி. போட்ட மாத்திரை பாதி நாள் வாந்தியில் வெளியே வந்துவிடும்.

என் கணவர் குட்டியானை வண்டி ஓட்டுகிறவர். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறி ஏற்றிக்கொண்டு இருட்டோடு கிளம்பினால் எப்போது திரும்புவார் என்று சொல்ல முடியாது. அவருக்குத் தாய் தகப்பன் இல்லை. ஒருநாள் நான் குளியலறையில் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டதைக் கேள்விப்பட்டு, அவரே என் அம்மாவுக்குப் போன் போட்டார்.

"அத்தை, நீங்க கொஞ்ச நாளு இங்க வந்து இருங்க. எனக்கு வண்டியில கை ஓடல."

அம்மா தொப்பம்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்தில் தனியாக இருந்தாள். முருங்கைத் தோட்டத்திலும் மக்காச்சோளக் காட்டிலும் கூலி வேலை. நான் கல்லூரியில் படிக்கும்போது அப்பா இறந்தார். அந்தக் கூலியில்தான் என் படிப்பை முடித்து வைத்தாள். மருமகன் வீட்டில் ஒரு ராத்திரிக்கு மேல் தங்காதவள். மறுநாள் காலை பஸ்ஸில் வந்து இறங்கினாள், ஒரு கையில் துணிப்பை, மறு கையில் என் இடுப்பு உயரத்துக்கு முருங்கைக்கீரைக் கட்டு.

"ஏன் அம்மணி, இப்புடியா வெளுத்துப்போய் நிப்பே? என்ற கிட்ட ஒரு வார்த்த சொன்னா என்ன?" என்று வாசலிலேயே என் கன்னத்தைப் பிடித்துப் பார்த்தாள்.

அவள் கை ஜில்லென்று இருந்தது. நல்ல வெயில் காலம் அது.

வீட்டு நிர்வாகம் அன்றே கை மாறியது. டீத்தூள் டப்பா பரண்மேல் போனது. சாப்பிட்டுச் செத்த நேரம் கழித்து எலுமிச்சைச் சாறும் மாத்திரையுமாக முன்னால் வந்து நிற்பாள். விழுங்கி, வாயைத் திறந்து காட்ட வேண்டும். ராகி அடை, பேரீச்சை, கீரை, அவித்த பயறு. கசாப்புக் கடைக்கு முதல் ஆளாகப் போய் ஆட்டு மண்ணீரல் வாங்கி வருவாள். சுவரொட்டி என்று கேட்டு வாங்க வேண்டும், கடைக்கு ஒன்றோ இரண்டோதான் கிடைக்கும். அதை அனலில் வாட்டி, மிளகும் உப்பும் தூவித் துண்டு துண்டாக என் வாயில் ஊட்டுவாள். நான் மூக்கைப் பிடித்துக்கொண்டு தின்பேன்.

"நீயும் ஒரு துண்டு தின்னும்மா."

"எனக்கெதுக்கு அம்மணி? நானென்ன புள்ளையா பெக்கப் போறன்? கறி தின்னா எனக்கு எதுக்களிக்குது."

என் கணவருக்குத் தொட்டுக்கொள்ள வெஞ்சனம் இரண்டுக்குக் குறையாது. அவள் தட்டில் ரசமும் சோறும்தான்.

ஒருநாள் பள்ளியிலிருந்து சீக்கிரம் வந்துவிட்டேன். அம்மா அடுப்படித் தரையில் அரிசிச் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வாய் அசைந்துகொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் சின்னப் பிள்ளைபோல் சட்டியை மூடினாள். நானும் தரையில் உட்கார்ந்து கைப்பையைத் திறந்து சாக்பீஸை எடுத்துக் காட்டினேன். அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"உன்னய வயித்துல வெச்சிருந்தப்ப நான் செவுத்து மண்ணச் சொரண்டித் தின்னவ. உங்கப்பன் வந்து பாத்துட்டு, வீட்டயே தின்னுபோடுவ போலன்னு சிரிச்சாரு. அதுக்கு இதத் தின்னு," என்று சாக்பீஸைப் பிடுங்கிக்கொண்டு ஒரு கை அரிசியை என் உள்ளங்கையில் போட்டாள். எனக்குத் துணையாக அவளும் ஒரு கை எடுத்துக்கொண்டாள். இருவரும் கரகரவென்று மென்றுகொண்டு என்னென்னவோ பேசினோம். அம்மாவோடு அப்படி உட்கார்ந்து பேசியது எனக்கு நினைவு தெரிந்து அதற்கு முன் இல்லை. அவளுக்கு எப்போதும் காடு இருந்தது, எனக்கு எப்போதும் பரீட்சை இருந்தது.

மாத்திரையில் ரத்தம் போதுமான வேகத்தில் ஏறவில்லை. ஏழாம் மாதத்தில் இரும்புச்சத்தை டிரிப்பாக ஏற்ற வேண்டும் என்றார் டாக்டரம்மா. ஒருநாள் விட்டு ஒருநாள் போய்ப் படுத்துக்கொள்ள வேண்டும். பாட்டிலில் பால் விடாத கடுங்காபி நிறத்தில் மருந்து இறங்கும். அந்த நாட்களுக்கு மட்டும் பள்ளிக்கு விடுப்புப் போட்டேன். அம்மா கட்டிலுக்குக் கீழே தரையில் ஒரு துண்டை விரித்து உட்கார்ந்து, மருந்து இறங்குவதையே பார்த்துக்கொண்டிருப்பாள். நடுநடுவே என் பாதத்தைத் தொட்டுப் பார்ப்பாள்.

அந்த வார்டு மாடியில் இருந்தது. படிக்கட்டு திரும்புகிற இடத்தில் நான் நிற்பேன், அவளும் நிற்பாள். இருவருக்கும் மூச்சு வாங்கும்.

"உனக்கென்னம்மா, காட்டுல கீரைக்கட்டத் தூக்கிட்டு ஓடுவியே."

"வயசாவுதில்ல. நீ ஏறு, நீ ஏறு," என்பாள் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு.

வீட்டிலும் அவள் தன் துணிகளை நாங்கள் எழுவதற்கு முன்பே துவைத்து, மொட்டைமாடியில் ஒரு ஓரமாகக் காயப்போட்டு, மேலே துண்டைப் போர்த்திவிடுவாள். மருமகன் நடமாடுகிற வீடு, கூச்சப்படுகிறாள் என்று இருந்தது எனக்கு.

டிரிப் முடிந்து சில வாரங்களில் என் ரத்தம் ஒன்பதைத் தாண்டியது. அந்தச் சீட்டை அம்மா கையில் வாங்கி, எழுத்துத் தெரியாவிட்டாலும், திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எனக்குச் சாக்பீஸ் ஆசை போய்விட்டது. ஒருநாள் கரும்பலகைப் பக்கம் எடுத்து முகர்ந்து பார்த்தால் வெறும் தூசு. படி ஏறும்போது நடுவில் நிற்கவில்லை. மேலே போய்த் திரும்பிப் பார்த்தால், அம்மா இன்னும் பாதிப் படியில் இருந்தாள்.

பிரசவத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது, "இப்ப நல்லா ஏறியிருக்கு. இருந்தாலும் இவங்களுக்கு எதுக்கும் ரத்தம் கையில இருக்கணும். ஆள் யாராச்சும் வந்து குடுத்து வச்சிருங்க," என்று டாக்டரம்மா சொன்னார். என் கணவர் தன்னோடு வண்டி ஓட்டும் இரண்டு பேரைக் கூட்டி வந்தார். அவரும் ஒருவரும் கொடுத்துவிட்டார்கள். மற்றவர் முந்தின நாள் குடித்திருந்தார் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இன்னொரு ஆளுக்குப் போன் போட்டுவிட்டு என் கணவர் உள்ளே வர, அம்மா எழுந்து நின்றாள்.

"நான் குடுக்கறனுங்க."

"அத்தை, நீங்க சும்மா இருங்க. ஆளு வாரான்."

"என்ற புள்ளைக்கு நான் குடுக்காம வேற ஆரு மாப்ள குடுப்பா? எடுத்துக்கட்டும், எடுத்துக்கட்டும்," என்று அவளே உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டினாள். முகத்தில் அப்படியொரு சந்தோஷம். ஊட்டியது, துவைத்தது, சமைத்ததையெல்லாம் விட இதுதான் பெரிய காரியம் என்பதுபோல் இருந்தாள்.

ரத்த வங்கியில் வேலை பார்த்த அந்தப் பெண் அவள் விரலில் குத்தி ஒரு சொட்டு எடுத்தாள். மேஜைமேல் ஒரு கண்ணாடிக் குவளையில் நீல நிறத் தண்ணீர் இருந்தது. என் கணவரின் சொட்டு அதற்குள் கல் போல நேராக அடிக்குப் போனதை நான் பார்த்திருந்தேன். அம்மாவின் சொட்டு போகவில்லை. மேலேயே நின்றது, பிறகு கலைந்து பரவியது. அந்தப் பெண் இன்னொரு விரலில் குத்தினாள். அதுவும் அப்படியே. விரலில் வந்ததே ரோஸ் நிறத் தண்ணீர் மாதிரிதான் இருந்தது.

சின்ன மெஷின் ஒன்றைக் கொண்டுவந்து மறுபடி பார்த்தாள். பார்த்துவிட்டு அம்மாவிடம் பேசவில்லை, என்னிடம் திரும்பினாள்.

"அக்கா, உங்களுக்கு எவ்வளவு?"

"ஒன்பது சொச்சம்."

"அம்மாவுக்கு அஞ்சுகூட இல்ல. இவங்க எப்படி நடந்து வந்தாங்க?"

அம்மா இன்னும் கையை நீட்டியபடிதான் உட்கார்ந்திருந்தாள். "எடுங்க கண்ணு, எனக்கு ஒண்ணும் பண்ணாது," என்றாள்.

அதே டாக்டரம்மாவிடம் அவளைக் கூட்டிக்கொண்டு போனோம். அவர் கேட்கவேண்டியதைக் கேட்கும் முன், அம்மா என்னை வெளியே போகச் சொன்னாள். திரைத்துணிக்கு இந்தப் பக்கம் நான் நின்றேன். அம்மா அவ்வளவு சின்னக் குரலில் பேசி நான் கேட்டதில்லை.

"தீட்டு நின்னு நாலு வருசம் ஆச்சுங்க. போன வருசம் திரும்ப வந்துச்சு. சிலப்போ படுதுங்க, சிலப்போ ரொம்பப் போவுதுங்க. சில பேத்துக்கு அப்பிடி வருமுன்னு சொன்னாங்க."

"யாரு சொன்னா?"

"காட்டுல வேல செய்யறவங்க."

டாக்டரம்மா பரிசோதித்துவிட்டு வெளியே வந்தபோது, என் வயிற்றைப் பார்த்தார், பிறகு என் கணவரைத் தேடினார். அவரிடம்தான் முதலில் சொன்னார். கர்ப்பப்பை வாயில் கட்டி. சதை எடுத்து அனுப்பிப் பார்க்க வேண்டும், ஆனால் பார்த்தாலே தெரிகிறது என்றார். என் கணவர் கீழே வண்டியை நிறுத்தியிருந்த இடத்துக்குப் போய், ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதுகொண்டிருந்ததாக அவருடைய சிநேகிதர் பிற்பாடு எனக்குச் சொன்னார்.

அம்மாவை அன்றே படுக்கவைத்தார்கள். எனக்காக வந்த ஆட்கள் கொடுத்த கணக்கில், முதல் பை ரத்தம் அவளுக்கு ஏறியது. நான் அவள் கட்டிலருகில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு வந்தது கோபம்தான். அழுகை அப்புறம்தான் வந்தது.

"ஏம்மா சொல்லல?"

அவள் மேலே தொங்கும் பையைப் பார்த்தாள்.

"சொல்லேன். நாலு மாசமா கூடவே இருக்க. தெனம் ஆஸ்பத்திரிக்கு வர. என்னைக்காச்சும் ஒருநாளு சொல்லியிருக்கலாம்ல?"

"கத்தாத அம்மணி, புள்ளைக்கு ஆகாது."

"சொல்லு."

"அஞ்சு வருசம் கழிச்சு உனக்கு ஒண்ணு தங்கியிருக்குது. நான் எனக்கு இப்புடி ஆவுதுன்னு சொன்னா, நீ என்ற பின்னால அலைவ. போன தடவ மாதிரி எதாச்சும் ஆயிருச்சுன்னா நான் அதுக்கப்புறம் இருந்து என்னத்துக்கு? மொதல்ல உன்ற புள்ள பொறக்கட்டும், பொறவு காட்டிக்கலாம்னு இருந்தன்." பிறகு, அது போதாது என்பதுபோல், "மாப்ள வீட்டுல இருந்துட்டு இதையெல்லாம் வாய்விட்டு ஆருகிட்ட சொல்றது?" என்றாள்.

நான் அவள் கையில் முகத்தை வைத்துக்கொண்டேன். அவள் மற்ற கையால், ஊசி குத்தியிருந்த கையால், என் தலையைத் தடவினாள். ஊசி நகர்ந்துவிடும் என்று நர்ஸம்மா வந்து அதட்டினார்.

மதுரைக்கு அனுப்பினார்கள். பாலசமுத்திரத்திலிருந்து அம்மாவின் தங்கை, என் சித்தி, வந்து கூட இருந்தாள். நோய் கர்ப்பப்பையைத் தாண்டிவிட்டது என்றும், ரத்தப்போக்கை நிறுத்தக் கதிர்வீச்சு வைக்கலாம், அதற்குமேல் அதிகம் செய்வதற்கில்லை என்றும் அங்கே சொன்னதை சித்திதான் போனில் என் கணவரிடம் சொன்னாள். எனக்கு அவர் பாதியைத்தான் சொன்னார். மீதியை அவர் முகத்தில் பார்த்துக்கொண்டேன்.

எனக்கு வலி எடுத்தபோது அம்மா மதுரையில் இருந்தாள். பெண் குழந்தை. எடை இரண்டரைக் கிலோவைத் தொட்டுவிட்டது. கொஞ்சம் ரத்தம் போனது, ஆனால் நான் தாங்கிக்கொண்டேன். எடுத்து வைத்த ரத்தம் எனக்குத் தேவைப்படவில்லை. மறுநாள் ரவுண்ட்ஸ் வந்த டாக்டரம்மா, "உங்கம்மா உங்கள நல்லாத் தேத்திட்டாங்க," என்று சொல்லிவிட்டு, அதைச் சொல்லியிருக்கக் கூடாதோ என்பதுபோல் சட்டென்று அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார்.

சித்தி போனைப் பிடிக்க, அம்மா வீடியோவில் பார்த்தாள். தலைமுடியெல்லாம் ஒட்டிப்போய், முகத்தில் கண் மட்டும் இருந்தது. குழந்தையைக் காட்டினேன். நெடுநேரம் பார்த்தாள். மூக்கு யார் மூக்கு, நிறம் யார் நிறம் என்று எதுவும் கேட்கவில்லை.

"உனக்கு ரத்தம் எம்புட்டுப் போச்சு அம்மணி?"

"ரொம்ப இல்லம்மா. நல்லா இருக்கேன்."

"புள்ளதான் பொறந்துருச்சேன்னு மாத்திரைய உட்றாத. பால் குடுக்கற ஒடம்பு. எலுமிச்சங்காய நீயே புழிஞ்சுக்கோ."

"சரிம்மா."

"ஆரு உனக்கு ஆக்கிப் போடறா?"

"அவரு."

"பாவம்," என்றாள். சித்தியின் கை அசைந்து, படம் உத்தரத்துக்குப் போய்விட்டது.

மதுரையில் இனி வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகலாம் என்றார்கள். எங்கள் வீட்டுக்கு வரச் சொன்னோம். மாடிப்படியைச் சாக்குச் சொல்லி, தன் ஊருக்கே போக வேண்டும் என்றாள். நான் மூன்று மாதக் குழந்தையோடு குட்டியானையின் முன்சீட்டில் உட்கார்ந்து அங்கே போனேன். அந்த வீட்டில் ஊதுபத்தி எந்நேரமும் எரிந்துகொண்டிருந்தது. எதற்கென்று உள்ளே போனதும் தெரிந்தது.

அம்மா என்னைப் பார்த்து முதலில் சொன்னது, "புள்ளயத் திண்டுக்கல்லயே உட்டுட்டு வரக் கூடாதா?" என்பதுதான்.

நான் குழந்தையைக் கட்டிலுக்குக் கொண்டுபோனேன். அவள் சுவர்ப் பக்கம் நகர்ந்தாள்.

"கிட்டக் கொண்டாராத. என்ற மேல நாத்தம் அடிக்குது. புள்ளைக்கு எதாச்சும் ஒட்டிக்கும்."

"இது ஒட்டாதும்மா. டாக்டர்கிட்டக் கேட்டுட்டுத்தான் வந்திருக்கேன்."

"அவங்களுக்கென்ன தெரியும்? கொண்டுபோ கண்ணு."

நான் கொண்டுபோகவில்லை. அவள் பக்கத்தில் படுக்கவைத்துவிட்டுத் தள்ளி நின்றேன். அம்மா கையை மார்மேல் கட்டிக்கொண்டு, தொட்டுவிடாமல் கிடந்தாள். குழந்தை கையையும் காலையும் உதைத்துக்கொண்டு, உத்தரத்தில் என்னத்தையோ பார்த்துச் சிரித்தது. உதைத்த கால் அம்மாவின் முழங்கையில் பட்டது. மறுபடி பட்டது. அம்மாவின் கட்டியிருந்த கை மெதுவாக அவிழ்ந்து, அந்தப் பாதத்தைப் பிடித்துக்கொண்டது. பிடித்துக்கொண்டே தூங்கிப்போனாள். அவள் தூங்கியது ரொம்ப நாளைக்குப் பிறகு என்று சித்தி சொன்னாள். குழந்தை பசிக்கு அழும்வரை நாங்கள் அந்த விரல்களைப் பிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு அவள் எங்களைத் தள்ளிப் போகச் சொல்லவில்லை. வலிக்குக் கொடுக்கும் மருந்தில் பாதி நேரம் கிறங்கிக் கிடப்பாள். விழித்தால் குழந்தையைத் தேடுவாள். கடைசி நாட்களில் என்னை அவள் தங்கையென்றும், குழந்தையை நானென்றும் நினைத்துக்கொண்டாள். "அவள வெயில்ல உட்றாத புள்ள, காடெல்லாம் கொதிக்குது," என்பாள். "சரிக்கா," என்பேன்.

ஒரு மத்தியானம், என் கணவர் மருந்து வாங்கப் பழனிக்குப் போயிருந்தபோது, மூச்சு நின்றது. பெரிதாக எதுவும் நடக்கவில்லை. சித்தி நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த கை அப்படியே நின்றுவிட்டது.

சாயங்காலம் தூக்கிக்கொண்டு போனார்கள். பெண்கள் நாங்கள் தெருமுனையோடு திரும்பிவிட்டோம். வீடு கழுவி, தலைக்கு ஊற்றிக்கொண்டு உள்ளே வந்தபோது குழந்தை வீரிட்டு அழுதது. மத்தியானத்திலிருந்து அதற்கு நான் பால் கொடுக்கவில்லை. மடியில் போட்டு மாராப்பை விலக்கினேன். பக்கத்துவீட்டு அம்மா ஓடி வந்து என் கையைப் பிடித்தார்.

"ஐயோ, அழுதுட்டே பால் குடுக்காத அம்மணி. துக்கப்பாலு புள்ளைக்கு ஆகாது. அழுகை ஆறட்டும், பொறவு குடு."

சரி என்று காத்திருந்தேன். சுவரைப் பார்த்து உட்கார்ந்து, மூச்சை இழுத்துப் பிடித்துப் பார்த்தேன். தண்ணீர் குடித்தேன். முகத்தைத் துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது. குழந்தை அழ அழ, மார் கட்டி, ரவிக்கையெல்லாம் பால் நனைந்து வயிற்றில் வழிந்தது. ரத்தம் போதாமல் அம்மாவின் உடம்பு அடங்கிப்போயிருக்க, என் உடம்பு மட்டும் எதையும் அறியாததுபோல் சுரந்துகொண்டிருந்தது. அதன்மேல் எனக்கு ஆத்திரமாக வந்தது.

சித்தி வாசலிலிருந்து எட்டிப் பார்த்தாள். உள்ளே வந்து என் எதிரில் உட்கார்ந்தாள்.

"குடு," என்றாள். "உன்ற அழுகை நிக்கறதுக்கு இந்தப் புள்ள காத்துக் கெடக்க முடியுமா?"

கொடுத்தேன். குழந்தை ஆத்திரமாகக் கடித்து, திணறி, பிறகு சீராகக் குடிக்க ஆரம்பித்தது. என் கண்ணீர் அதன் காதோரத்தில் விழுந்தது. சித்தி முந்தானையால் அதைத் துடைத்தாள், மறுபடி விழுந்தது, மறுபடி துடைத்தாள். வெளியே பந்தல்காரர்கள் இரும்பு நாற்காலிகளை மடக்கி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு பக்கம் குடித்து முடித்ததும், சித்தி குழந்தையின் தலையைத் தாங்கி, மறு பக்கம் மாற்றிவிட்டாள்.